கைக்கு இசைந்த கருவி
(பத்தாம் ஆண்டு நிறைவு விழா அமர்வில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் திறனாய்வும் பேசப்பட்டுவரும் அவையில், கணிப்பொறி நிரலாளர் ஒருவரின் கருவியைப் பற்றிய பேச்சு எழுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் நிரலாளரும் எழுதுபவரே. நாளின் பெரும்பகுதியை எழுதுவதிலும், எழுதியதை அடிப்பதிலும், அடித்ததை மாற்றி எழுதுவதிலும் கழிப்பவர் அவர். எழுத்தாளர்க்குத் தாளும் பேனாவும் எப்படியோ, நிரலாளர்க்கு அவர்தம் எழுதுகருவி அப்படி. எனவே இப்பொருள் இவ்வவைக்கு அயலானது அன்று.

தச்சர் ஒருவர் இழைப்புளியின் பிடியைத் தம் உள்ளங்கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்கிறார். ஓலையில் எழுதியோரோ இடக்கைப் பெருவிரல் நகத்தை வளர்த்து, எழுத்தாணி தங்குவதற்காக அதில் ஒரு பள்ளம் வெட்டிக்கொள்வதுண்டு. முன்னதில் கருவி கைக்கு வளைந்தது. பின்னதில் கை கருவிக்கு வளைந்தது. கைத்தொழில் எதுவாயினும் இவ்விரண்டும் ஓயாமல் நடக்கின்றன. நிரலாளர் தொழிலில் இவை எவ்வாறு நடந்தன, அதனால் விளைந்த ஆதாயம் எது, கொடுத்த விலை எது என்பதே இவ்வுரையின் பொருள். சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது 'விம்' என்னும் மென்பொருள். அதனை முப்பதாண்டுகளுக்கு மேலாகச் செதுக்கிய பிராம் மோலெனார் என்னும் நெதர்லாந்து நாட்டவரின் வாழ்க்கை.

வரியிலிருந்து திரைக்கு

நிரலை எழுதவும் திருத்தவும் பயன்படும் மென்பொருளை எடிட்டர் என்பர். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயக்க முறைமையைத் தொடங்கியபோது எழுதிய முதற் கருவிகளுள் 'எட்' என்னும் எடிட்டரும் ஒன்று. அக்காலத்தில் பலரிடம் திரையே கிடையாது. தட்டச்சுப் பொறியைப் போலத் தாளில் அச்சிடும் டெலிடைப் பொறிகளே இருந்தன. அச்சிடுவது மெதுவாக நடக்கும், தாளும் செலவாகும். ஆகவே எட் பேச்சைக் குறைத்துக்கொண்டது. ஒரு வரியைக் காண வேண்டுமாயின் வரி எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். பிழையான கட்டளையிட்டால் அது தரும் விடை ஒரேயொரு கேள்விக்குறி. எங்கே பிழை, என்ன பிழை என்பதைத் தட்டியவரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இது எளிய மனிதர்க்கு ஆகாது என்று கருதினார் லண்டன் குவீன் மேரி கல்லூரியில் பணியாற்றிய ஜார்ஜ் கூலூரிஸ். அவர் எட்டைத் திருத்தி, திரையில் ஒரு வரியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மாற்றும் வசதியைச் சேர்த்தார். 'எம்' என்று பெயரிட்டு, அது 'மானிடர்க்கான எடிட்டர்' என்பதன் சுருக்கம் என்று வேடிக்கையாகச் சொன்னார். 1976இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றிருந்தபோது அம்மென்பொருள் அங்கே பட்ட மேற்படிப்பு மாணவராயிருந்த பில் ஜாயின் கைக்கு வந்தது. ஜாய் அதனை எடுத்து வளர்த்து, முழுத்திரையிலும் உரையைக் காட்டித் திருத்தும் 'வி-ஐ' என்னும் எடிட்டரை உருவாக்கினார்.

வி-ஐயின் வடிவத்தை அறிய வேண்டுமாயின் ஜாய் எந்தப் பொறியின் முன் அமர்ந்திருந்தார் என்பதை அறிய வேண்டும். அது லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ என்னும் முனையம். அதன் விசைப்பலகையில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு எழுத்து விசைகளின்மேல் அவை பொறிக்கப்பட்டிருந்தன. 'எஸ்கேப்' விசையோ இன்றைய பலகைகளில் 'டேப்' விசை உள்ள இடத்தில், இடக்கைச் சுண்டுவிரலின் அருகே இருந்தது. ஆகவே அந்நான்கு எழுத்துகளால் நகர்வதும், நிலை மாறுவதற்கு எஸ்கேப்பை அழுத்துவதும் ஜாய்க்கு இயல்பாயின.

முனையத்துக்கும் கணிப்பொறிக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியாக 300 பாட் வேகத்தில் ஓடும் மோடம் இருந்தது. அவ்வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே வந்துசேரும். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட திரை முழுவதும் நிறைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். ஒவ்வொரு எழுத்துக்கும் விலை உண்டு என்னும் அந்நிலையில் ஜாய் கட்டளைகளை ஓரெழுத்துச் சொற்களாகச் சுருக்கினார். வறுமையில் பிறந்த சிக்கனம் பின்னாளில் அழகாயிற்று.

வினையும் பெயரும்

வி-ஐயில் விசைப்பலகைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒரு நிலையில் தட்டுவதெல்லாம் எழுத்தாக விழும். மற்றொரு நிலையில் தட்டுவதெல்லாம் கட்டளையாகும். புதிதாக வருவோர் திகைப்பது இவ்விடத்திலேதான். நுழைந்தபின் வெளியேறும் வழி அறியாமல் தவிப்பது நிரலாளரிடையே நெடுங்காலமாக வழங்கும் கேலி.

ஆனால் மொழியறிந்தோர்க்கு அக்கட்டளைகளில் ஓர் இலக்கணம் புலப்படும். 'டி' என்பது அழித்தல் என்னும் வினை. 'சி' என்பது மாற்றுதல். 'ஒய்' என்பது படியெடுத்தல். 'டபிள்யூ' என்பது சொல் என்னும் பெயர். டி-டபிள்யூ என்று தட்டினால் ஒரு சொல் அழியும். நடுவில் மூன்று என்னும் எண்ணை இட்டால் மூன்று சொற்கள் அழியும். வினை, எண்ணடை, செயப்படுபொருள் என மூன்றும் கூடி ஒரு தொடராகின்றன. பிற்காலத்தில் விம், 'இவ்வடைப்புக்குறிக்குள் இருப்பது', 'இப்பத்தி', 'இம்மேற்கோளுக்குள் உள்ளது' என்னும் பெயர்களையும் இவ்விலக்கணத்தில் சேர்த்தது. பத்து வினையும் பத்துப் பெயரும் கற்றவர்க்கு நூறு தொடர்கள் கிடைத்துவிடுகின்றன. செய்ததை மீண்டும் செய்ய ஒரு முற்றுப்புள்ளி போதும்.

இதனால்தான் இவ்வெடிட்டரில் பழகியவர் விசைகளை எண்ணுவதில்லை. மொழியைப் பேசுபவர் எழுவாய் பயனிலை என்று எண்ணிப் பேசாதவாறு, 'இவ்வடைப்புக்குள் இருப்பதை மாற்று' என்று நினைக்கும்போதே விரல்கள் அதனைத் தட்டி முடிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் பழகியோர் கருவியைக் கைவிட மறுப்பதன் காரணம் இதுவே. அவர்கள் விட வேண்டியிருப்பது ஒரு மென்பொருளை மட்டும் அன்று; விரலில் ஊறிய ஒரு மொழியை.

அமிகாவில் தொடங்கியது

பிராம் மோலெனார் 1961இல் பிறந்தவர்; டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பயின்றவர். 1980களின் பிற்பகுதியில் அவர் கொமடோர் நிறுவனத்தின் அமிகா கணிப்பொறி ஒன்றை வாங்கினார். அதில் அவருக்குப் பழகிய வி-ஐ இல்லை. அட்டாரி எஸ்டி கணிப்பொறிக்கென்று முன்பே ஒருவர் எழுதியிருந்த 'ஸ்டீவி' என்னும் வி-ஐப் போலியின் மூலநிரல் கிடைத்தது. 1988இல் அதனை அடிப்படையாக வைத்துத் தமக்கு வேண்டியவற்றைச் சேர்க்கத் தொடங்கினார். இல்லாத ஒன்றைத் தமக்காகச் செய்துகொள்ளும் முயற்சியே அது; உலகுக்கு ஒரு மென்பொருள் வழங்கும் எண்ணம் அப்போது இல்லை.

1991 நவம்பரில், அமிகா பயனர்க்கெனத் தொகுக்கப்பட்டுவந்த ஃப்ரெட் ஃபிஷ் வட்டுகளின் 591ஆம் வட்டில் அது முதன்முறையாக வெளியாயிற்று. விம் என்னும் பெயர் தொடக்கத்தில் 'வி-ஐயின் போலி' என்று பொருள்பட்டது. யூனிக்ஸுக்கும் அது சென்று, மூலத்தில் இல்லாத பல வசதிகளைப் பெற்றபின், அதே மூன்றெழுத்துக்கு 'மேம்பட்ட வி-ஐ' என்று பொருள் கூறப்பட்டது. பெயரை மாற்றாமல் பொருளை மாற்றிய நயம் இது.

வளர்ச்சி மெல்ல நடந்தது. 1994இல் பல சாளரங்கள் வந்தன. 1998இல் வந்த ஐந்தாம் பதிப்பு நிரலின் உறுப்புகளை வண்ணத்தால் வேறுபடுத்திக் காட்டியது. 2001இல் நீண்ட பகுதிகளை மடித்து வைக்கும் வசதி வந்தது. 2006இல் வந்த ஏழாம் பதிப்பு, மாற்றங்களை நீக்கிப் பின்செல்லும்போது அவற்றை ஒரு கோடாகக் கொள்ளாமல் கிளைவிடும் மரமாகக் காத்தது. ஒருவர் ஒரு வழியில் எழுதி, அதனை விலக்கி வேறு வழியில் எழுதினாலும் முதல் வழி அழிவதில்லை. அந்தக் கிளைக்குத் திரும்பலாம். கவிதையின் கைவிட்ட வரிகளுக்காக வருந்தியோர் இவ்வசதியின் அருமையை நன்கு உணர்வர்.

அவரவர் விம்

விம்மின் தனித்தன்மை அது தரும் வசதிகளில் மட்டும் இல்லை. பயன்படுத்துவோர் அதனைத் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விட்டதிலும் உள்ளது. ஒவ்வொரு பயனரும் தம் கணிப்பொறியில் 'விம்-ஆர்சி' என்னும் சிறு கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வரி எண் தெரிய வேண்டுமா, உள்தள்ளல் நான்கு இடமா எட்டு இடமா, எந்த விசை எதனைச் செய்ய வேண்டும், எந்தச் சுருக்கச் சொல் எந்தத் தொடராக விரிய வேண்டும் என்பனவெல்லாம் அதில் எழுதப்படும். பணியிடம் மாறும்போதும் கணிப்பொறி மாறும்போதும் அக்கோப்பை உடன் எடுத்துச் செல்வோர் உண்டு. இருபதாண்டுப் பழக்கம் சில நூறு வரிகளில் அடங்கியிருக்கும். அதைப் படித்தால் எழுதியவர் எந்த மொழிகளில் உழைத்தார், எங்கெங்கே இடறினார் என்பதைக் கண்டுகொள்ளலாம்.

பழைய முனையத்தின் நிழல் இக்கோப்புகளில் இன்னும் படிந்துள்ளது. எஸ்கேப் விசை பின்னாளில் பலகையின் மூலைக்குப் போய்விட்டதால், 'கேப்ஸ் லாக்' விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வோர் பலர். ஒரு மாணவரின் முனையத்தில் விசை இருந்த இடத்துக்கு இத்தனை கைகள் இன்றும் திரும்பிச் செல்கின்றன. எழுத்தாணிக்காக நகத்தில் வெட்டிய பள்ளம் போன்றதே இது.

மோலெனார் 2000ஆம் ஆண்டில், திறம்படத் திருத்துவதற்கான ஏழு பழக்கங்கள் என்னும் கட்டுரையை எழுதினார். அதன் சாரம் மூன்று படிகளில் அடங்கும். வேலை செய்யும்போது எதில் நேரம் வீணாகிறது, எதனை மீண்டும் மீண்டும் செய்ய நேர்கிறது என்று கவனிக்க வேண்டும். அதற்கு விரைவான வழி உண்டா என்று தேட வேண்டும். இல்லையேல் ஆக்கிக்கொள்ள வேண்டும். கண்ட வழியை நினைவின்றியே விரல்கள் செய்யும் வரையில் பழக வேண்டும். எடுத்துக்காட்டாக, நிரலில் ஒரு பெயர் வேறு எங்கெங்கே வருகிறது என்று அடிக்கடி தேடுபவர் ஒவ்வொரு முறையும் அப்பெயரை முழுதும் தட்டுகிறார். பெயரின்மேல் நின்று நட்சத்திரக் குறியை ஒருமுறை அழுத்தினால் அடுத்த இடத்துக்கே போகலாம் என்று அறிந்து, அதைப் பழக்கமாக்கிக்கொண்டால் ஒரு சிறு தடை என்றென்றைக்கும் நீங்கும்.

இரு வகையினரை அக்கட்டுரை எச்சரிக்கிறது. வேலை அவசரம் என்று சொல்லிக் கருவியைக் கற்கவே நேரம் ஒதுக்காதவர் ஒரு வகையினர். கருவியின் எல்லா வசதிகளையும் கற்றே தீருவது என்று முனைந்து, ஒருபோதும் பயன்படாதவற்றில் காலத்தைச் செலவிடுபவர் மற்றொரு வகையினர். இரண்டாம் எச்சரிக்கை, அக்கருவியை ஆக்கியவரிடமிருந்தே வந்தது என்பது கருதத் தக்கது.

தனிமையின் விலை

கருவியைத் தனக்கேற்ப மாற்றுவதில் ஓர் இடர் உண்டு. அதனைக் காட்டுவது விம்முக்கு எதிரணியில் வைத்துப் பேசப்படும் ஈமாக்ஸ் என்னும் எடிட்டரின் வரலாறு. 1970களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் 'டீகோ' என்னும் எடிட்டர் இருந்தது. கட்டளைத் தொகுப்புகளை எழுதி அதனை எப்படியும் மாற்றலாம். திறமை மிக்க நிரலாளர்கள் நிறைந்த கூடமாதலால் ஒவ்வொருவரும் மாற்றினர். நாளடைவில் ஒருவர் இருக்கையில் மற்றொருவர் அமர்ந்தால் எந்த விசை என்ன செய்யும் என்றே தெரியாத நிலை வந்தது. எல்லாரும் ஒரே எடிட்டரை வைத்திருந்தனர். ஆயினும் ஒருவர்க்கொருவர் உதவ இயலவில்லை.

1976இல் கை ஸ்டீல் என்பவர் இத்தொகுப்புகளை ஒப்பிட்டு ஒன்றாக்கும் முயற்சியைத் தொடங்கினார். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை ஏற்று முடித்தார். அதுவே ஈமாக்ஸ். அதனைப் பிறர்க்கு வழங்கியபோது ஸ்டால்மன் ஒரு நிபந்தனை வைத்தார்: செய்யும் மேம்பாடுகளைத் திரும்பித் தர வேண்டும். மாற்றும் உரிமை அப்படியே இருந்தது. மாற்றியதைப் பகிரும் கடமை உடன் சேர்ந்தது. பிற்காலத்துக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் விதைகளுள் ஒன்று இந்த நிபந்தனையில் இருந்தது எனலாம்.

மற்றோர் இடர் காலம் பற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத் கணிப்பொறி நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் மூன்றாம் தொகுதியை 1973இல் வெளியிட்டார். 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகளைக் கண்டபோது, புதிய ஒளியச்சு முறையில் எழுத்துகளின் அழகு குன்றியிருந்தது கண்டு மனம் வருந்தினார். நூலை எழுதுவதை நிறுத்திவிட்டு, நூலை அச்சுக்கோக்கும் மென்பொருளைத் தாமே எழுத முற்பட்டார். ஓராண்டில் முடியும் என்று எண்ணியது ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது. நூலின் நான்காம் தொகுதியின் முதற் பகுதி 2011இல்தான் வெளிவந்தது.

இதனை இழப்பு என்று சொல்வதா? அப்பத்தாண்டில் பிறந்த 'டெக்' என்னும் மென்பொருளால் உலகெங்கும் கணித நூல்களும் ஆய்வேடுகளும் அச்சாகின்றன. கருவியைத் தீட்டுவதற்காகக் குனூத் நிறுத்திய வேலையால் அவர் நூல் காத்திருந்தது. மற்றவர் நூல்கள் பல வெளிவந்தன. அதைவிட முக்கியமானது, தீட்டுவதை எப்போது நிறுத்துவது என்று அவர் அறிந்திருந்தது. 1990இல் டெக் நிறைவுற்றதாக அறிவித்தார். அதன்பின் பிழைத்திருத்தம் மட்டுமே. ஒவ்வொரு திருத்தத்திலும் பதிப்பெண் 'பை' என்னும் கணித மாறிலியை நோக்கி ஓரிலக்கம் நெருங்குகிறது. தம் காலத்துக்குப்பின் எண் பையாகவே நிலைக்க வேண்டும், எஞ்சிய பிழைகள் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்றும் சொல்லிவைத்தார்.

புதியதன் அழைப்பு

மோலெனாரின் வழி வேறு. அவர் நிறுத்தவில்லை, ஆனால் விரையவும் இல்லை. விம்மில் எந்த மாற்றம் சேர வேண்டும் என்பதை இறுதியாக முடிவு செய்தவர் அவர் ஒருவரே. அமிகாவிலும் பழைய யூனிக்ஸிலும் ஓடிய நிரல் எங்கும் ஓட வேண்டும் என்பதில் அவர் கவனமாயிருந்தார். அதனால் நம்பகத்தன்மை கிடைத்தது, புதுமை காத்திருந்தது.

2014இல் இந்தக் காத்திருப்பு ஒரு பிரிவுக்குக் காரணமாயிற்று. பிரேசில் நாட்டு நிரலாளர் தியாகோ டி அரூடா, எடிட்டர் தன் வேலையை நிறுத்தாமலே பின்னணியில் வேறு பணிகளைச் செய்ய உதவும் மாற்றத்தை முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. அவர் விம்மின் நிரலை எடுத்துத் தனியே 'நியோவிம்' என்னும் கிளையைத் தொடங்கினார். பழைய பொறிகளுக்கான பகுதிகள் களையப்பட்டன; கருவியை மாற்றியமைக்க 'லுவா' என்னும் பொதுமொழி சேர்க்கப்பட்டது. 2016இல் வந்த விம்மின் எட்டாம் பதிப்பிலும் பின்னணிப் பணி வசதி இடம்பெற்றது. கிளையின் தூண்டுதலே காரணம் என்று கருதுவோர் பலர். நியோவிம்மும் விம்மின் திருத்தங்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டது. பங்காளிச் சண்டையாகத் தொடங்கியது இருவர்க்கும் உரமாயிற்று.

அதே 2016இல் மற்றொரு புதுமை வந்தது. நிரல்மொழி ஒவ்வொன்றையும் ஒவ்வோர் எடிட்டருக்கும் தனித்தனியே கற்பிக்க வேண்டியிருந்த காலம் அது. மொழிகள் பத்தும் எடிட்டர்கள் பத்தும் இருந்தால் நூறு இணைப்புகள் வேண்டும். மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் எடிட்டரும் மொழியறிவும் தம்முள் பேசிக்கொள்வதற்கான ஒரு பொது நெறியை அறிவித்தன. இதன்பின் மொழி ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிநிரல், எடிட்டர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இணைப்பு. நூறு என்பது இருபதாயிற்று. பெரிய நிறுவனங்களின் எடிட்டர்களில் மட்டும் கிடைத்த வசதி, தன்னந்தனியே கோப்பு எழுதி விம்மை வைத்திருப்பவர்க்கும் கிடைத்தது. பொது நெறி ஒன்று தனி விருப்பத்தைக் காத்தது.

2021இல், எழுதத் தொடங்கிய நிரலை இயந்திரமே ஊகித்து முடித்துத் தரும் 'கோபைலட்' வந்தது; அவ்வாண்டே நியோவிம்முக்கும் அது வழங்கப்பட்டது. இத்தகைய கருவிகள் வந்தபின் நிரலாளரின் உழைப்பில் ஒரு பகுதி எழுதுவதிலிருந்து படித்துத் தெரிவதற்கு மாறுகிறது. புதியவை ஒவ்வொன்றின்பின்னும் ஓடுவோரும், எதுவும் வேண்டா என்று கதவடைப்போரும் மோலெனார் எச்சரித்த இரு வகையினரின் புதிய உருவங்களே. எந்தத் தடையை இது நீக்குகிறது என்று தன் வேலையைப் பார்த்துக் கேட்பவரே புதுமையைச் சோதிக்கத் தகுதியுடையவர். சோதித்தபின் வேண்டாததை எடுத்தெறியவும் அவருக்குத் துணிவு வேண்டும். விம்-ஆர்சிக் கோப்பில் சேர்ப்பது எளிது. இன்னது எதற்காக இருக்கிறது என்றே மறந்துபோன வரியை நீக்குவது அரிது.

திரையில் ஒரு வேண்டுகோள்

விம்மைக் கோப்பின்றித் திறந்தால் வெற்றுத் திரையில் சில வரிகள் தோன்றும். அவற்றுள் ஒன்று உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு கேட்கும். 1994இல் மோலெனார் தென் உகாண்டாவின் கிபாலே என்னும் ஊருக்குச் சென்று, குழந்தைகள் மையம் ஒன்றில் குடிநீர், துப்புரவு ஏற்பாடுகளுக்கான பொறியாளராக ஏறத்தாழ ஓராண்டு தொண்டாற்றினார். எய்ட்ஸ் நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகள் நிறைந்த பகுதி அது. திரும்பியபின் அம்மையத்துக்கென நெதர்லாந்தில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். விம்முக்கு அவர் விலை வைக்கவில்லை. பயன்படுத்துவோர் விரும்பினால் அக்குழந்தைகளுக்குக் கொடுக்கட்டும் என்றார். கொடுத்தவர்கள் எந்த வசதி அடுத்து வேண்டும் என்று வாக்களிக்கவும் வழி செய்தார்.

தனக்கு இல்லாத ஒரு கருவியைத் தனக்கென்று செய்துகொள்ளத் தொடங்கிய ஒருவரின் வேலை, தொலைவில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தின் கட்டணமாக ஆயிற்று. இவ்வளவு தூரம் சென்ற தன்னலம் அரிது.

2022 ஜூனில் விம்மின் ஒன்பதாம் பதிப்பு வந்தது. 2023 ஆகஸ்ட் 3ஆம் நாள் மோலெனார் 62ஆம் வயதில் மறைந்தார். நோயுற்றிருந்த அவர் நிலை இறுதி வாரங்களில் விரைந்து மோசமாயிற்று என்று குடும்பத்தார் அறிவித்தனர். அப்போது எழுந்த கேள்வி, அவர் வாழ்நாள் முழுவதும் ஒத்திப்போடப்பட்ட கேள்வி: ஒருவர் கையின் அளவுக்கே செதுக்கப்பட்ட கருவியை இனி யார் பிடிப்பது?

விடை விரைவில் கிடைத்தது. பல்லாண்டுகள் உடனுழைத்த கிறிஸ்டியன் பிராபண்ட் பொறுப்பை ஏற்றார். வேறு சிலரும் தோள் கொடுத்தனர். 2024 ஜனவரி 2ஆம் நாள் 9.1ஆம் பதிப்பு மோலெனாரின் நினைவுக்குக் காணிக்கையாக வெளிவந்தது. பிரிந்து சென்ற நியோவிம்மைச் சேர்ந்தோரும் அவருக்கு அஞ்சலி செலுத்தினர். அவர் ஒருவரே முடிவு செய்தார் என்பது உண்மை. ஆனால் நிரல் முழுவதும் எல்லார் கண்முன்னும் திறந்தே இருந்தது. ஒவ்வொரு கட்டளைக்கும் விளக்கம் எழுதப்பட்டிருந்தது. திருத்தம் அனுப்பியோரின் பெயர்கள் பதிவாகியிருந்தன. ஆகவே கருவி அவருடன் மறையவில்லை.

அவையோர்க்கு ஒரு சொல். கருவியைத் தன் கைக்கு ஏற்பச் செதுக்குவது வீண் வேலை அன்று. அது வேலையின் ஒரு பகுதி. செதுக்கியதைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தும்படி விட்டுச் செல்வதும் அவ்வேலையின் பகுதியே. இலக்கிய வட்டம் ஒன்றும் சிலருடைய கைக்கு ஏற்ப உருவாகும் கருவிதான். அமர்வுகள் நடக்கும் முறை, விவாதத்தின் தொனி, நூல் தெரிவு என எல்லாவற்றிலும் தொடங்கியவர்களின் விரல் தடம் இருக்கும். பத்தாண்டு என்பது, அந்தத் தடத்தில் புதிய கைகள் வந்து பொருந்துகின்றனவா என்று பார்க்க ஏற்ற காலம். குறிப்பேடுகள் திறந்திருக்கட்டும், வழக்கங்களுக்குக் காரணம் எழுதி வைக்கப்படட்டும், பயனற்ற பழைய வரிகள் நீக்கப்படட்டும். அடுத்து வருபவர் இருக்கையில் அமர்ந்ததும் எந்த விசை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளட்டும்.